நோபால் சொன்ன நடுவர்

நம் டாலாவில் பந்து என்றால் கால்பந்துதான். இருந்தாலும் கண்டித் தமிழர் முத்தையா முரளிதரனைக் கேள்விப்படாதவர் குறைவு. 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். முரளி பந்தை எறிகிறார் என்று ஆஸ்திரேலிய நடுவர் டேரல் ஹேர் மூன்று ஓவரில் ஏழு முறை நோபால் கொடுத்தார்.

பந்துவீச்சில் முழுத் திருப்தி இல்லையென்றால் உடனே நோபால் சொல்ல வேண்டும். அன்றைய விதி அதுதான். எழுதாத வழக்கம் வேறு: சந்தேகத்தை ரகசியமாக மேலிடத்துக்குச் சொல், மைதானத்தில் வாய் திறக்காதே. முரளி முனை மாறி வீசியபோது அங்கே நின்ற ஸ்டீவ் டன் ஒன்றும் சொல்லவில்லை.

ஹேர் மனசாட்சிப்படியே நடந்தார் என்று வைத்துக்கொள்வோம். கண் சொன்னது சரியா? முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. கருவி வைத்து அளந்தபோது அநேகமாக எல்லாப் பந்துவீச்சாளர் கையும் சற்று மடங்கி நிமிர்வது தெரிந்தது. 2005இல் 15 டிகிரி வரை அனுமதித்தார்கள். முரளி 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்றார்.

ஹேர்? 2006 ஓவல் டெஸ்டில் பாகிஸ்தான் பந்தைச் சேதப்படுத்தியதாகச் சொன்னார். அவர்கள் கோபித்துக் களமிறங்க மறுக்க, வெற்றியை இங்கிலாந்துக்குக் கொடுத்தார். பிறகு 5 லட்சம் டாலர் தந்தால் விலகுகிறேன் என்று அவரே எழுதினார். வாபஸ் வாங்கினாலும், விதியைப் பிடித்து நின்றவர் விலை சொன்ன அந்தக் கடிதம்தான் எனக்குச் செரிக்கவில்லை. அந்த நவம்பரில் டெஸ்ட் பணி பறிபோனது. 2008இல் திரும்பினார், அதே ஆண்டு விலகினார்.