திரும்பப் பெறப்பட்ட கைப்பேசியுடன் விமானம் ஏறலாமா?

2016 செப்டம்பர் 23. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் பறந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில் புகை நாற்றம் அடிப்பதாகப் பயணிகள் சொன்னார்கள். சிப்பந்திகள் தேடினார்கள். 23சி இருக்கைக்கு மேலிருந்த பைகள் வைக்கும் பெட்டியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. கீழே இருந்தவர்களை வேறு இருக்கைகளுக்கு மாற்றிவிட்டுத் தீயணைப்பானைப் பயன்படுத்தினார்கள். புகைந்தது ஒரு சாம்சங் கேலக்ஸி நோட் 2. அதை எடுத்துக் கழிவறைக்குக் கொண்டுபோய், தண்ணீர் நிரப்பிய கலனில் போட்டார்கள். விமானம் சென்னையில் பத்திரமாக இறங்கியது.

அந்த மாதம் உலகம் முழுக்கப் பேசப்பட்ட கைப்பேசி நோட் 7. பேட்டரி தீப்பிடித்ததால் செப்டம்பர் 2ஆம் தேதி சாம்சங் நிறுவனம் 25 லட்சம் கைப்பேசிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்திருந்தது. ஒரு வாரத்தில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் நோட் 7-ஐ விமானத்தில் இயக்கக்கூடாது, பதிவுப் பெட்டியில் வைக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. ஆனால் சென்னை விமானத்தில் புகைந்ததோ, 2012இல் சந்தைக்கு வந்த பழைய மாடல். அது எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை.

தீபாவளிக்கும் திருமணங்களுக்கும் சென்னை, திருச்சி என்று கோலாலம்பூர் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்திலிருந்து பறக்கும் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மாடலின் பெயரைச் சொல்லித் தடுப்பது அவசியம். அது மட்டுமே போதாது.

ஒரு மாடல் மொத்தமாகத் தடைசெய்யப்பட்டது எப்படி?

அமெரிக்காவில் முதலில் வந்தது அறிவுரைதான்: விமானத்தில் அணைத்து வையுங்கள், சார்ஜ் போடாதீர்கள். பழுதானதற்குப் பதிலாகக் கொடுத்த புதிய நோட் 7-உம் புகைந்தபோது நிலைமை மாறியது. அக்டோபர் 5ஆம் தேதி அமெரிக்காவின் லூயிவில் நகரில், புறப்படக் காத்திருந்த சவுத்வெஸ்ட் விமானத்தில் அப்படி மாற்றித் தரப்பட்ட கைப்பேசி புகைந்தது. பயணிகள் எல்லாரும் இறக்கப்பட்டார்கள். அடுத்த வாரமே உற்பத்தி அடியோடு நிறுத்தப்பட்டது. அக்டோபர் 15 முதல் அமெரிக்கா நோட் 7-ஐ விமானத்தில் எந்த வகையிலும் கொண்டுவரக்கூடாது என்றது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மலேசியா ஏர்லைன்ஸ், ஏர் ஆசியா ஆகியவையும் தடை விதித்தன.

வாங்கியவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெறுவதே பெரும்பாடாக இருந்தது. அமெரிக்காவில் உள்பக்கம் பீங்கான் இழைத் தாள் ஒட்டிய தனிப் பெட்டியையும் கையுறைகளையும் வீட்டுக்கு அனுப்பி, தரைவழியாக மட்டுமே திருப்பி அனுப்பச் சொன்னார்கள். 2017 ஜனவரியில் சாம்சங் கணக்குச் சொன்னபோது, விற்றிருந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசிகளில் 96 விழுக்காடு திரும்பியிருந்தது. அவ்வளவு முயன்றும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவை அப்போது திரும்பவில்லை.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

லித்தியம் அயன் பேட்டரியில் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. படலம் கிழிந்தாலோ நசுங்கினாலோ இரு முனைகளும் தொட்டுக்கொள்ளும், வெப்பம் எழும். அந்த வெப்பம் இன்னும் வேதிவினையைத் தூண்ட, அது மேலும் வெப்பத்தைத் தரும். ஒரு கட்டத்துக்குப் பிறகு அது தானாக நிற்காது.

நோட் 7-இல் இரண்டு நிறுவனங்களின் பேட்டரிகள் இருந்தன. இரண்டிலும் வெவ்வேறு குறைகள். ஒன்றில், உறையில் இடம் போதாததால் மேல் மூலையில் எதிர்முனைத் தகடு வளைந்தது. மற்றொன்றில், பற்றவைப்பில் துருத்திய உலோக முனை படலத்தைக் குத்தியது. 2 லட்சம் கைப்பேசிகளையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்த பிறகே இது உறுதியானது. கடையில் வாங்கும் நாமோ, விமான நிலையக் கருவியோ வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஏன் பதிவுப் பெட்டியில் கூடாது?

ஆபத்தானது என்றால் நம்மிடமிருந்து தள்ளிச் சரக்கறையில் வைப்பதுதானே நல்லது என்று பலர் கேட்கிறார்கள். சரக்கறையில் தீப்பிடித்தால் பார்க்க ஆளில்லை. அங்குள்ள ஹேலான் வாயு சுவாலையை அடக்கும். பேட்டரியின் உள்வெப்பத்தைத் தணிக்காது. கையருகே இருந்தால் முதலில் நெருப்பை அணைத்து, பிறகு தண்ணீரால் குளிர வைக்கலாம். சென்னை விமானத்தின் சிப்பந்திகள் செய்தது அதைத்தான்.

மேல் பெட்டியும் இப்போது பாதுகாப்பான இடமாகக் கருதப்படுவதில்லை. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்தது. புறப்படுமுன் நடந்ததால் 176 பேரும் உயிர் தப்பினார்கள். தீ தொடங்கிய இடம் மேல் பெட்டி. பவர் பேங்க் ஒன்றின் உள்ளே மின்காப்பு சிதைந்தது காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சு கூறியது. பிப்ரவரி இறுதியில் ஜொகூர் பாருவிலிருந்து பேங்காக் சென்ற பாத்தேக் ஏர் விமானத்திலும் ஒரு பவர் பேங்க் புகைந்தது.

2025 ஏப்ரல் 1 முதல் மலேசியா ஏர்லைன்ஸ் குழுமம் விதியைக் கடுமையாக்கியது. பவர் பேங்கை இருக்கைக்கு அடியிலோ முன்னிருக்கைப் பையிலோ வைக்க வேண்டும். பறக்கும்போது அதைப் பயன்படுத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது. பட்டியலில் உள்ள மாடல், இல்லாத மாடல் என்ற வேறுபாடு இதில் இல்லை. சீனாவோ ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில், திரும்பப் பெறப்பட்ட பவர் பேங்குகளையும் ‘3சி’ சான்று முத்திரை இல்லாதவற்றையும் தடைசெய்துவிட்டது. அந்த மாதம்தான் ஆங்கர் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கும் அதிகமான பவர் பேங்குகளைத் திரும்பப் பெற்றது.

வீட்டிலேயே செய்ய வேண்டியவை

ஸ்ரீ கெம்பாங்கான்காரர் செர்டாங் ஜெயாவில் எம்.ஆர்.டி. ஏறி, புத்ராஜெயா சென்ட்ரலில் மாறி, கே.எல்.ஐ.ஏ. போய்ச் சேர்ந்த பிறகு பையைத் திறந்து பார்த்துப் பயனில்லை. முதல் நாள் இரவே பவர் பேங்கின் பின்புறம் பொடி எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். ‘டபிள்யூ.எச்.’ எனும் வாட்-மணி அளவு 100க்குள் இருக்க வேண்டும். 10,000 எம்.ஏ.எச். என்பது 37 வாட்-மணி. 20,000 என்றால் 74. நூறு முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் இடமே இல்லை. எழுத்து அழிந்துபோயிருந்தால் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் சரிபாருங்கள். திரும்பப் பெறப்பட்டது என்று தெரிந்தால் கைப்பையிலும் கொண்டுபோகக்கூடாது. பேட்டரியை நிறுவனமே மாற்றிக் கொடுத்தால் தடை நீங்கும். 2019இல் ஆப்பிள் மடிக்கணினிகள் சிலவற்றுக்கு அப்படித்தான் நடந்தது. முதுகு உப்பிய கைப்பேசிக்கு அறிவிப்பு எதுவும் தேவையில்லை. அதை அணைத்து, குத்தாமல், அழுத்தாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

விமானத்தில் கைப்பேசி இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை அசைக்காமல் சிப்பந்தியைக் கூப்பிடுங்கள். நசுங்கினால்தான் ஆபத்து.

பழைய கைப்பேசிக்கு மலிவான பேட்டரி மாற்றிக்கொள்வது நம்மிடையே சாதாரணம். அது எந்த நிறுவனத்துடையது என்று கடைக்காரரிடம் கேட்பவர்கள் குறைவு. அப்படிப்பட்ட பேட்டரியைத் திரும்பப் பெறுவதாக யாரும் அறிவிக்கப்போவதில்லை. தடைப் பட்டியலில் அது ஒருநாளும் வராது. அதனால் விதிகள் எவ்வளவு கடுமையானாலும், நம் பையில் இருப்பதைக் கடைசியாகச் சோதிக்கும் பொறுப்பு நம்முடையதே. கூடப் பறக்கும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை அது.