வாசகனுக்கு மீசை முளைத்தால் எழுத்தாளருக்கு நஷ்டம்! சிறுவர் நாவல் எழுதுவோர் படும் பாடு

பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர் போன ஊர் திண்டுக்கல். சிறுவர் நாவலிலும் இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. அது பலருக்குத் தெரியாது.

சிறுவர் இலக்கியத்துக்கு என்று சாகித்ய அகாடமி 2010-ம் ஆண்டில் தனியாக ஒரு பரிசை ஏற்படுத்தியது. பால சாகித்ய புரஸ்கார் என்று அதற்குப் பெயர். முதல் ஆண்டிலேயே தமிழுக்கான பரிசைத் தட்டிக்கொண்டு வந்தவர் திண்டுக்கல் எழுத்தாளர் ம.கமலவேலன். "அந்தோணியின் ஆட்டுக்குட்டி" என்ற நாவலுக்காக இந்தப் பரிசு கிடைத்தது.

பரிசுத் தொகை ரூ.50 ஆயிரம். கூடவே ஒரு செப்புப் பட்டயம். பெரியவர்களுக்கு எழுதி அகாடமி பரிசு வாங்கினால் ரூ.1 லட்சம்!

பஸ்சில் பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். பிள்ளைகளுக்கு எழுதுகிறவருக்கு அரைப் பரிசு!

அரையோ முழுசோ, பரிசு பரிசுதான். மாலை போடுவார்கள். போட்டோ எடுப்பார்கள். ஆனால் அது வாழ்நாளில் ஒரு நாள். மற்ற நாட்களில் சிறுவர் நாவலாசிரியரின் பாடு என்ன?

ஓடிப்போகும் வாசகன்

பெரியவர்களுக்கு எழுதுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. 25 வயதில் அவரைப் படிக்கத் தொடங்கிய வாசகர் 60 வயதிலும் அவர் புத்தகத்தைத் தேடுவார்.

சிறுவர் நாவல் எழுதுகிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 8 வயதில் வருகிற வாசகன் 13 வயதில் போய்விடுவான். மொத்தம் 5 வருஷம்! "குகையில் மாட்டிக்கொண்ட ராமு தப்பிப்பானா?" என்று போன வருஷம் கார்டு எழுதிப் போட்ட பையன், இந்த வருஷம் சினிமாப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிவான். அவன் தம்பியையோ, பக்கத்து வீட்டுப் பொண்ணையோ எழுத்தாளர் மறுபடியும் முதலில் இருந்து பிடிக்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. படிக்கிறவன் பையில் காசு கிடையாது. காசு வைத்திருக்கும் அப்பா அந்தப் புத்தகத்தைப் படிக்கப் போவதில்லை. அகரம் முத்தாலம்மன் திருவிழாவில் பிள்ளை கை நீட்டினால் பலூன் வரும், பொம்மை வரும். கதைப் புத்தகம் கேட்டால் என்ன பதில் வரும்?

"கதைப் புஸ்தகமா? பரீட்சையில இதுல இருந்தா கேள்வி வரப்போவுது?"

நோட்ஸ், கைடு என்றால் அதே அப்பா பேசாமல் பர்சைத் திறப்பார்.

நாயின் நிறம்

சின்னப் பிள்ளைகளுக்குத்தானே, எதையாவது எழுதித் தள்ளலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது.

தொடர்கதை என்றால் வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு. அதில் படத்துக்கும் இடம் விடவேண்டும். ஓவியர் படம் போட வேண்டுமே, அதனால் கதை முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். வீட்டில் கல்யாணமோ காய்ச்சலோ, கதை நிற்கக் கூடாது. ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் ஒரு முடிச்சு விழ வேண்டும். அடுத்த வாரம் அந்த முடிச்சை அவிழ்க்கவும் வழி தெரிந்திருக்க வேண்டும்.

வளைத்து வளைத்து எழுத முடியாது. ஒரு வரி புரியவில்லை என்றால் பையன் புத்தகத்தை வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவான்.

3-வது வாரம் கறுப்பாக இருந்த நாய் 7-வது வாரம் வெள்ளையாகிவிட்டால் போச்சு! பெரியவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் விடமாட்டார்கள்.

மூடுவிழா மேல் மூடுவிழா

ஒரு காலத்தில் தமிழில் சிறுவர் பத்திரிகைகளுக்குப் பஞ்சமே இல்லை. 1940-களிலும் 50-களிலும் அணில், டமாரம், சங்கு, ஜில் ஜில், கண்ணன் என்று கடைகளில் தோரணமாகத் தொங்கின. அம்புலிமாமா 1947-ல் வந்தது.

வந்த வேகத்தில் மறைந்த பத்திரிகைகளும் ஏராளம். பேப்பர் விலை ஏறினால் முதலில் அடி வாங்குவது சிறுவர் பத்திரிகைதான். பத்திரிகை நின்றால் தொடர்கதை பாதியில் தொங்கும். எழுத்தாளரின் வருமானமும் சேர்ந்து தொங்கும்.

இதை முழுக்க அனுபவித்தவர் வாண்டுமாமா. இயற்பெயர் வி.கிருஷ்ணமூர்த்தி. புதுக்கோட்டைப் பக்கம் அரிமழத்தில் 1925-ல் பிறந்தவர். "வாண்டுமாமா" என்ற பெயரை வைத்தவர் பிரபல ஓவியர் மாலி. பெரியவர்களுக்கு எழுதும்போது இதே கிருஷ்ணமூர்த்தி "கௌசிகன்" ஆகிவிடுவார்.

மின்னல், வானவில், கிண்கிணி என்று பல பத்திரிகைகளில் உழைத்தார். ஒன்று நிற்கும், இன்னொன்றுக்குப் போவார். கல்கி நிறுவனம் 1972-ல் தொடங்கிய கோகுலத்தில் முக்கியப் பொறுப்பு வகித்தார். 1984-ல் பூந்தளிர் வந்தபோது அதன் ஆசிரியர் ஆனார். அந்தக் காலத்துப் பிள்ளைகள் பூந்தளிருக்காகக் கடை வாசலில் காத்துக் கிடந்தார்கள். அந்தப் பத்திரிகையும் சில ஆண்டுகளில் நின்றுபோனது.

அவர் எழுதிய புத்தகங்கள் 150-க்கும் மேல். ஆனாலும் தன் வாழ்க்கைக் கதைக்கு அவர் வைத்த பெயர் "எதிர்நீச்சல்"! முதுமையில் புற்றுநோய் வந்து பேச்சும் போனது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கதை சொன்னவர் வாய் பேச முடியாமல் இருந்தார். 2014 ஜூன் 12-ந் தேதி, 89-வது வயதில் காலமானார்.

செய்தி வந்தபோது அதிகம் வருந்தியவர்கள் யார் தெரியுமா? 30 வருஷங்களுக்கு முன்பு மீசை முளைத்ததும் அவரை விட்டுப் போன அதே வாசகர்கள்தான்.

பேங்க் சம்பளம்

அப்படியானால் இவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

பெரும்பாலோருக்கு வேறு வேலை உண்டு. "குழந்தைக் கவிஞர்" அழ.வள்ளியப்பா பாட்டு மட்டும் எழுதவில்லை, "நீலா மாலா" போன்ற கதைகளும் எழுதினார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது இந்தியன் பேங்க். பகலில் பேங்க் கணக்கு, மற்ற நேரத்தில் குழந்தைகள் கதை. 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

அவருடைய முடிவும் இதே வேலையில்தான் வந்தது. 1989 மார்ச் 16-ந் தேதி மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டத்தில் குழந்தை இலக்கியத்துக்காகப் பரிந்து பேசினார். அன்றே உயிர் பிரிந்தது.

"ஆதனின் பொம்மை" நாவலுக்காக 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற கோவில்பட்டி உதயசங்கர், ரெயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ரெயிலை நேரத்துக்கு அனுப்பிய கைதான், ஒரு சிறுவனைப் பழைய காலத்துக் கீழடிக்கு அனுப்பி வைத்தது. 2014-ல் பரிசு பெற்ற கடலூர் இரா.நடராசன் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராகப் பணியாற்றியவர்.

வெளிநாட்டில் மட்டும் வேறு கதையா? இல்லை. இங்கிலாந்தில் ஜே.கே.ரோலிங் எழுதிய ஹாரி பாட்டர் முதல் நாவலைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியாக ஒருவர் ஒப்புக்கொண்டார். அவரும், பிள்ளைகள் புத்தகத்தை நம்பி இருக்காதீர்கள், ஏதாவது வேலை தேடிக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னார். 1997-ல் முதலில் அச்சான கெட்டி அட்டைப் பிரதிகள் வெறும் 500! பிறகு அவர் கோடீசுவரி ஆனது உலகம் அறிந்தது. ஆனால் அந்த அதிர்ஷ்டம் கோடியில் ஒருவருக்குத்தான் அடிக்கும்.

வீட்டு வரியில் 10 பைசா

தமிழில் சிறுவர் நாவல் போடுகிற சிறிய பதிப்பகங்கள் இரண்டை நம்பி இருக்கின்றன. ஒன்று புத்தகத் திருவிழா. இன்னொன்று அரசு நூலக ஆர்டர்.

ஆர்டர் வந்தால் பதிப்பாளர் முகத்தில் சிரிப்பு. எழுத்தாளருக்கும் ஏதோ வந்து சேரும். வராவிட்டால் கட்டுக் கட்டாகப் புத்தகம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். ஆர்டரோ எல்லா வருஷமும் ஒரே மாதிரி வருவதில்லை. அதனால் இப்போது பலர் 50, 100 என்று தேவைக்கு மட்டும் அச்சடிக்கிறார்கள்.

நூலகத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறது? 1948-ல் வந்த பொது நூலகச் சட்டப்படி, வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் சேருகிறது. திண்டுக்கல் மாநகராட்சியில் வரி கட்டும் கடைக்காரரும் அதைக் கொடுக்கிறார். அகரம் பேரூராட்சியில் கட்டும் வீட்டுக்காரரும் கொடுக்கிறார். ரசீதைப் புரட்டிப் பார்த்தால் தெரியும்.

அதாவது, பிள்ளைக்குக் கதைப் புத்தகம் வாங்க மாட்டேன் என்கிற அப்பாவும் அதற்கு ஏற்கனவே காசு கொடுத்தாகிவிட்டது! பக்கத்து நூலகத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகாமல் இருப்பதுதான் பாக்கி.

இன்னும் நிற்கவில்லை

அம்புலிமாமா இப்போது வருவதில்லை. கோகுலம், சுட்டி விகடன் அச்சு இதழ்களும் நின்றுவிட்டன. நாளிதழ்களின் இலவச இணைப்பு, அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கல்வித் துறை கொண்டுவந்த ஊஞ்சல், தேன்சிட்டு ஆகியவைதான் இன்று பல பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேருகின்றன. வீட்டில் செல்போன் வேறு போட்டிக்கு நிற்கிறது.

இருந்தும் எழுதுகிறவர்கள் நிறுத்தவில்லை. கதையில் ராஜகுமாரனும் மந்திரவாதியும் மட்டும்தான் வருவார்கள் என்பதும் பழைய கதை. தப்பாகத் தொடுகிறவர்களிடம் இருந்து பிள்ளைகள் தப்பிப்பது எப்படி என்பதை யெஸ்.பாலபாரதி "மரப்பாச்சி சொன்ன ரகசியம்" நாவலில் எழுதினார். வீட்டில் வாய் திறந்து பேசத் தயங்கும் விஷயம் அது. 2020-ம் ஆண்டுக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. 2025-ல் விஷ்ணுபுரம் சரவணன் எழுதிய "ஒற்றைச் சிறகு ஓவியா" பரிசு பெற்றது. அதுவும் நாவல்தான்.

பரிசுத் தொகை அன்றும் ரூ.50 ஆயிரம். இன்றும் ரூ.50 ஆயிரம்.

இந்த வருஷம் 8 வயது நிரம்பும் பிள்ளைகள் திண்டுக்கல் வட்டாரத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். சிறுவர் நாவலாசிரியருக்கு அவர்கள் அத்தனை பேரும் புது வாசகர்கள். மீசை முளைக்க இன்னும் 5 வருஷம் இருக்கிறது. அதற்குள் ஒரு நாவலாவது அவர்கள் கையில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.