நாவும் நரம்பும்

காரைக்காலில் நாட்டு வைத்தியரிடம் சென்றாலும், ஆஸ்பத்திரி டாக்டரிடம் சென்றாலும், "நாக்கை நீட்டுங்கள்" என்னும் சொல்லைக் கேளாது நாம் திரும்புவது அரிது. சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்வுகளுள் நாவும் ஒன்று, மொழியும் ஒன்று. நாவின் நிறத்தையும் படிவையும் பார்ப்பதாகவே நம்மிற் பலர் எண்ணுகிறோம். நரம்பின் நிலையை ஆராய்வோர், அது நீளும் திசையையும் தசையின் பருமனையும் உற்று நோக்குவர்.

நாவினை இருபுறமும் இயக்குவது மூளைத்தண்டினின்று வரும் பன்னிரண்டாம் நரம்பிணையாம். அரசலாற்றில் வலப்புறத் துடுப்பை மட்டும் வலித்தால் படகின் முகம் இடப்புறம் திரும்புமன்றோ? அவ்வாறே வலிவுள்ள பாதி தள்ள, நாவின் நுனி வலிவிழந்த பக்கம் சாயும். நரம்பே கெட்டதாயின் அப்பாதி நாளடைவில் மெலிந்து சுருங்கும். பெருமூளையிற் பிறக்கும் பக்கவாதத்திலோ, நா தளர்ந்த கைகாலின் பக்கம் சாயக்கூடுமேயன்றி, அவ்வாறு மெலிவதில்லை.

நீட்டிய நா சிறிது நடுங்குவது இயல்பே. கண்ணாடியில் அதனைக் கண்டு அஞ்சுவார்க்காக இதனைக் கூறுகிறோம். வாயினுள் ஓய்ந்து கிடக்கையிலும் புழு நெளிவதுபோல் துடித்து, உடன் மெலிந்தும் வருமாயின், பாரிஸ் நகரத்து ஷார்க்கோ 1869இல் விளக்கிய இயக்க நரம்பணு நோயோவென ஆராய்தல் வேண்டும். அந்நோயின் ஒருவகை நம் சென்னையின் பெயராலேயே உலகெங்கும் வழங்குகின்றது. மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், இராமமூர்த்தி என்னும் வைத்தியர் மூவர் 1970இல் அதனை எழுதி வெளியிட்டனர். பெரும்பாலும் 30 வயதிற்கு முன்னரே தோன்றிக் கைகால்களை மெலிவிக்கும். முகமும் நாவும் தளரும். பலர்க்குச் செவியும் மந்தமாகும். ஆயினும் மிக மெதுவாகவே நடப்பதாகலின், நோயாளர் பல்லாண்டு வாழ்வர். இவ்வேறுபாட்டை அறியாத வைத்தியர், இளைஞரொருவரின் வாழ்நாளைத் தவறாகக் குறுக்கிச் சொல்லிவிடக் கூடும்.

வழுவழுப்பாகிச் சிவந்த நாவும், மரத்த பாதங்களும் சேர்ந்து காணின், பி12 வைட்டமின் குறைவு எனலாம். ஊசி மருந்தாற் பெரிதும் தீரும்.

நா திடீரெனக் குழறுவதே உடனே கவனிக்கத்தக்கது. காற்றுப் பட்டதென்று கருதி, விடியட்டும் எனக் காத்திருப்பார் நம்மூரிலும் உளர். இரத்தக் கட்டியாற் பக்கவாதம் வரின், அதனைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துள் செலுத்துவர். அதற்கு முன்னர்த் தலையைப் படமெடுத்துப் பார்த்தலும் வேண்டும். புதுவை இங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நோயாளர் கடைசியாக நன்றாகப் பேசிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே புறப்படுக; டாக்டர் முதலிற் கேட்பவற்றுள் அந்நேரமும் ஒன்றாம்.