வாசகரைத் தேடிச் சென்ற இதழ்

புதிதாக எழுதத் தொடங்குவோர் பலர், எழுதி முடித்த அன்றே வாசகர் வந்து சேர்வர் என எதிர்பார்க்கின்றனர். பழக்கப்பட்ட சுவையை நாடுவோருக்கு வாசகர் எளிதில் கிடைக்கலாம். புதிய வகை எழுத்துக்கோ அதைப் படிக்கத் தெரிந்தவரையும் உருவாக்கிக்கொள்ள வேண்டிய நிலை ஏற்படுகிறது. சி.சு. செல்லப்பா நடத்திய 'எழுத்து' இதழின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1912இல் பிறந்த செல்லப்பா, விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். 'மணிக்கொடி' வழியே சிறுகதையாளராக அறியப்பட்டவர். 'வாடிவாசல்' குறுநாவலின் ஆசிரியர். இலக்கியத் திறனாய்வுக்கும் புதிய கவிதை முயற்சிகளுக்கும் வணிக இதழ்கள் போதிய இடம் தராத சூழலில், 1959 ஜனவரியில் 'எழுத்து' மாத இதழைச் சென்னையிலிருந்து தொடங்கினார். 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்தார். விற்பனையைப் பெருக்க வேண்டிய ஒருவர் தாமே அதற்கு வரம்பு கட்டுவது விந்தையாகத் தோன்றலாம். தம் இதழ் யாருக்கானது என்பதில் அவருக்கு ஐயமில்லை என்பதையே அவ்வறிவிப்பு காட்டுகிறது. உண்மையில் இதழ் அந்த எண்ணிக்கையை எட்டவேயில்லை.

இதழ் விற்பனையின் நடைமுறையை இங்கு அறிந்துகொள்வது நலம். கடைகள் வழியே விற்றால் முகவருக்குக் கழிவு தர வேண்டும். பணம் தாமதமாக வரும். விற்காத பிரதிகள் திரும்பி வரும். பெரிய நிறுவனங்கள் விளம்பர வருவாயால் இவ்விழப்பைத் தாங்கிக்கொள்ளும். சிற்றிதழுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சந்தா முறையிலோ பணம் முன்னதாகவே வந்துவிடும். எத்தனை பிரதிகள் தேவை என்பதும் தெரிந்திருக்கும். ஆயினும் இதழைப் பற்றி அறியாத ஒருவர் எவ்வாறு சந்தா அனுப்புவார்? இச்சிக்கலுக்குச் செல்லப்பா கண்ட வழி, தாமே நடப்பது.

எழுத்து பிரசுரம் வெளியிட்ட நூல்களைச் சுமந்துகொண்டு அவர் ஊர் ஊராகச் சென்றார். கல்லூரிகளில் ஆசிரியர்களையும் மாணவர்களையும் நேரில் சந்தித்தார்; புதுக்கவிதை பற்றியும் சிறுகதை பற்றியும் உரையாடினார்; நூல்களை விற்றார். விற்பனையைவிட அந்த உரையாடலே முதன்மையான பணி எனலாம். யாப்பை மீறிய வரிகளைக் கவிதையென ஏற்க மறுத்தவர்களும் அவரிடம் வாதிட்டுவிட்டு இதழைப் புரட்டிப் பார்க்கும் நிலை அதனால் உருவாயிற்று. மறுப்பவரும் ஒருவகையில் வாசகரே அல்லவா!

வாசகரை எழுதத் தூண்டியதும் 'எழுத்து' இதழின் சிறப்பாகும். ந. பிச்சமூர்த்தி, க.நா. சுப்ரமண்யம் போன்ற மூத்தோரின் படைப்புகளோடு அறிமுகமில்லாத இளைஞர்களின் எழுத்துகளும் இடம்பெற்றன. திரிகோணமலையைச் சேர்ந்த, 20 வயதளவே நிரம்பிய தருமு சிவராமுவின் கவிதை 1960இல் வெளிவந்தது. ஓர் இளைஞரிடமிருந்து கடல் கடந்து வந்த எழுத்தைத் தகுதி ஒன்றையே நோக்கி ஏற்ற ஆசிரியரின் நேர்மை போற்றத்தக்கது. பின்னாளில் பிரமிள் என அறியப்பட்டவர் அவரே. சி. மணியின் 'நரகம்' என்னும் நெடுங்கவிதை 1962இல் வெளிவந்தது. வெங்கட் சாமிநாதன் திறனாய்வாளராக அறியப்பட்டதும் இவ்விதழின் வழியேதான். படித்தவர் எழுதினார், எழுதியவரின் நண்பர்கள் படித்தனர். இவ்வாறு வட்டம் மெல்ல விரிந்தது.

மெல்ல என்பதை அழுத்தியே சொல்ல வேண்டும். இம்முயற்சி செல்லப்பாவுக்குப் பொருள் ஈட்டித் தரவில்லை. அலைச்சலும் கைப்பொருள் இழப்புமே மிகுந்தன. தம் கொள்கையில் அவர் காட்டிய பிடிவாதம் சில எழுத்தாளர்களை விலகச் செய்ததும் உண்டு. மாத இதழாக வந்தது பின்னர்க் காலாண்டிதழாயிற்று. 119 இதழ்களோடு 1970இல் நின்றது.

இதற்கிடையே, 'எழுத்து' இதழில் வெளிவந்த கவிதைகளிலிருந்து 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தேர்ந்து 'புதுக்குரல்கள்' என்னும் தொகுப்பை 1962இல் செல்லப்பா வெளியிட்டிருந்தார். நூல்மூட்டையோடு அவர் ஏறி இறங்கிய கல்லூரிகளின் வகுப்பறைகளுக்கு, அத்தொகுப்பு பிற்காலத்தில் பாடநூலாகச் சென்று சேர்ந்தது.