உங்களுக்குத் தெரியுமா? ஆடுகோடி முதல் குல்மார்க் வரை

பெங்களூரு ஆடுகோடியில் நகர ஆயுதப்படை (சி.ஏ.ஆர்.) மைதானத்துப் பரேடைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குத் தேசிய மாணவர் படையின் (என்.சி.சி.) காக்கி புதிதல்ல; பனிதான் புதிது. பள்ளியோ கல்லூரியோ கேடட்களைக் குழுவாகப் பனிமலைக்கு அழைத்துப் போகிறது என்றால், கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

● பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அது 1884 ஜனவரி 13ஆம் தேதி. இப்படி உறைநிலையே காணாத ஊரில் படித்த ஒருவர்தான் நம் ராணுவத்துக்குப் பனிச்சறுக்குப் பள்ளி தொடங்கியவர். மடிக்கேரியில் 1906இல் பிறந்து, பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியில் படித்த கே.எஸ்.திம்மய்யா, 1948 டிசம்பரில் காஷ்மீரின் குல்மார்க்கில் அந்தப் பள்ளியை நிறுவினார். பின்னாளில் தரைப்படைத் தளபதியாகவும் உயர்ந்தார். அவருடைய பள்ளிதான் இன்றைய உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி.

● என்.சி.சி. பிறந்ததும் அதே 1948இல்தான்.

● இரு கால்களையும் ஒரே பலகையில் வைத்துப் பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டு, ஓர் அப்பாவின் கைவேலையில் தொடங்கியது. 1965 கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்கள் சறுக்கி விளையாட இரண்டு ஸ்கீ பலகைகளைச் சேர்த்துப் பிணைத்தார். ஸ்கீ மையங்கள் பலவும் ஒரு காலத்தில் ஸ்னோபோர்டுக்குத் தடை போட்டிருந்தன. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டாகவே ஆகிவிட்டது.

● குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூரு சுமார் 920 மீட்டர். 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரலாம். போன அன்றே ஓடியாடாமல் ஓய்வெடுத்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள். தலைவலி வந்தால் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், பயிற்சியாளரிடம் உடனே சொல்லுங்கள்.

● குல்மார்க்கில் மத்திய சுற்றுலாத் துறையின் ஸ்கீயிங், மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. பஹல்காமில் ஜவாஹர் மலையேற்ற நிறுவனமும், மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனமும் உள்ளன. பனி விளையாட்டுகளில் இங்கெல்லாம் ஸ்கீயிங்தான் முதன்மைப் பாடம். ஸ்னோபோர்டு கற்க வேண்டுமானால், அந்தப் பயிற்சி உண்டா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

● பலகையில் எந்தக் காலை முன்னால் வைப்பது? இதை ஆடுகோடி வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம். இரு கால்களையும் சேர்த்து நில்லுங்கள். நண்பர் பின்னாலிருந்து, முன்னறிவிப்பில்லாமல், மெல்லத் தள்ளட்டும். விழாமலிருக்க எந்தக் கால் தானாக முன்னே பாய்கிறதோ, பெரும்பாலும் அதுவே உங்கள் முன்கால். இடது கால் என்றால் ‘ரெகுலர்’, வலது கால் என்றால் ‘கூஃபி’. இரண்டில் எதுவும் உயர்த்தி இல்லை.

● முதல் நாளில் யாரும் உச்சியிலிருந்து பாய்வதில்லை. முன்காலை மட்டும் பலகையில் பூட்டி, பின்காலால் உந்தி நகரப் பழக்குவார்கள். பிறகு இரு கால்களையும் பூட்டி, பலகையைச் சரிவுக்குக் குறுக்கே நிறுத்தி, குதிகால் பக்கத்து விளிம்பால் பனியை அழுத்தி இறங்கச் சொல்வார்கள். அழுத்தினால் நிற்கும், தளர்த்தினால் வழுக்கும். அடுத்தது வலமும் இடமுமாக அசைந்து இறங்கும் பயிற்சி. அதற்கு உதிரும் இலையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்த மூன்றும் கைவந்த பிறகே திரும்பக் கற்றுத் தருவார்கள்.

● ஸ்னோபோர்டு கற்கத் தொடங்குவோருக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான். விழும்போது உள்ளங்கையை ஊன்றுவது மனித இயல்பு. அதைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். விரல்களை மடக்கி முஷ்டியாக்குங்கள். முன்பக்கம் விழுந்தால் முழங்கை முதல் முஷ்டி வரை முன்கை முழுவதும் பனியில் படட்டும். பின்பக்கம் விழுந்தால் முழங்காலை மடக்கி, மோவாயை நெஞ்சோடு ஒட்டி, உட்காருவதுபோல் விழுங்கள். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் சரிவில் கால் வைக்கவே கூடாது.

● சரிவிலும் சாலை விதி உண்டு. கீழே போகிறவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருபவர்தான் விலகிப் போக வேண்டும். குழுவாகப் போகும் கேடட்கள் அடிக்கடி செய்யும் தவறு, எல்லோரும் சரிவின் நடுவே உட்கார்ந்து பேசுவது. ஓய்வெடுப்பதானால் ஓரமாகப் போய், மேலிருந்து வருபவர் கண்ணில் படும் இடமாக உட்காருங்கள்.

● புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் தாக்குவதால் மூக்கின் அடிப்பகுதிகூடக் கருகும். கண்களுக்குக் காகிள்ஸ், முகத்துக்குச் சன்ஸ்கிரீன் இரண்டும் கட்டாயம்.

● ஜீன்ஸ் வேண்டாம். பருத்தித் துணி நனைந்தால் எளிதில் உலராது. உடல் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே தெர்மல், நடுவே கம்பளி, வெளியே தண்ணீர் புகாத உடை என்று மூன்று அடுக்காக அணியுங்கள்.

● கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டி 2020 மார்ச்சில் குல்மார்க்கில் முதன்முறையாக நடந்தது. ஸ்னோபோர்டும் அதில் ஒரு போட்டி. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, பனியில் நெடுந்தூரம் செல்லும் ஸ்கீ பந்தயத்தில் கர்நாடகத்துக்காகத் தங்கம் வென்றார். காப்பித் தோட்டத்து மண்ணிலிருந்து போனவருக்குக் கைகூடியது உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் கைகூடும்.

● 2025 மே மாதம் என்.சி.சி. கேடட் குழு ஒன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்தது. உங்கள் பிள்ளை என்.சி.சி.யில் இருந்தால், மலையேற்றத்துக்கோ பனிச்சறுக்குக்கோ இடம் வரும்போது தெரிவிக்கும்படி என்.சி.சி. அலுவலரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பயிற்சியாளர் யார், மருத்துவ வசதி என்ன, காப்பீடு உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், பெற்றோர் சம்மதப் படிவத்தில் மனமாரக் கையெழுத்திடுங்கள். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும்.