கருப்பாக இருந்தால் வெயிலைத் தடுக்குமா?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் அலங்காரக் கடை ஒன்றில் கோடைக்காலத்தில் கால் மணி நேரம் நின்றால் போதும், இந்தக் கேள்வி காதில் விழுந்துவிடும்: "அண்ணே, இருக்கிறதிலேயே நல்லா கருப்பா இருக்கிற கூலிங் பேப்பர் எது?" தொழில் தெரிந்த கடைக்காரர் உடனே சுருளை எடுத்துப் பிரிக்க மாட்டார். வண்டி பகலில் எங்கே நிற்கும், ராத்திரி ஓட்டுவீர்களா, கண்ணாடி கம்பெனியிலிருந்தே பச்சை நிறமா என்று எதிர்க்கேள்வி போடுவார். கருப்புக்கும் வெப்பத்துக்கும் நாம் நினைக்கிற அளவு சம்பந்தமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதம் புற ஊதாக் கதிர், 43 சதவீதம் கண்ணுக்குத் தெரியும் ஒளி, மீதி 52 சதவீதம் அகச்சிவப்புக் கதிர். சாயம் ஏற்றிய மலிவான கருப்பு ஃபிலிம் முக்கியமாகப் பிடித்துவைப்பது நடுவில் உள்ள அந்த 43-ஐத்தான். அகச்சிவப்பில் பெரும்பங்கு அதன் வழியாக உள்ளே போய்விடும். காருக்குள் இருட்டாகிவிடுகிறது, கண் கூசுவது நிற்கிறது, ஆனால் சீட்டும் ஸ்டியரிங்கும் சுடத்தான் செய்யும். செராமிக் ஃபிலிமில் டங்ஸ்டன் ஆக்ஸைடு போன்ற பொருள்களின் நானோ துகள்கள் கலந்திருக்கும். பார்வைக்குக் கிட்டத்தட்ட வெறும் கண்ணாடிபோல இருந்தாலும், அகச்சிவப்பை இவை விழுங்கிவிடும். மெல்லிய உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் கதிரை விழுங்காமல் வெளியே திருப்பி அனுப்பும். நல்ல வழிதான். ஆனால் முன்கண்ணாடியில் ஒட்டினால் ரேடியோ அலையையும் அது தடுக்கும். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் படிக்காமல் தகராறு செய்யும்.

விழுங்கிய வெப்பம் எங்கே போகும்? கண்ணாடியைச் சூடாக்கும். அந்தச் சூடு உள்ளும் புறமுமாகப் பிரியும். வண்டி ஓடும்போது காற்று கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே போவதால் பெரும்பகுதி வெளியே போய்விடும். நிறுத்திவைத்த வண்டியில் அந்தச் சலுகை கிடையாது.

பல கடைகளில் ஒரு விளக்குப் பெட்டி இருக்கும். உள்ளே அகச்சிவப்பு பல்பு, முன்னால் இரண்டு கண்ணாடித் துண்டுகள். ஒன்றில் ஃபிலிம் ஒட்டியிருக்கும், இன்னொன்றில் இருக்காது. "கையை வச்சுப் பாருங்க சார்" என்பார்கள். வெறும் கண்ணாடியின் பின்னால் கை சுடும், ஃபிலிம் பக்கம் சுடாது. வியந்துபோய் முன்பணம் கொடுத்துவிடுவோம். அடுத்த முறை கையை எடுக்காமல் சில நிமிடம் பொறுத்திருங்கள். கதிரை விழுங்கிய ஃபிலிம் மெல்லச் சூடேறி, அந்தப் பக்கமும் கதகதக்கத் தொடங்கும். பெட்டியில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அது காட்டுவது முதல் அரை நிமிடத்தை மட்டும்தான்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் "அகச்சிவப்பு தடுப்பு 90 சதவீதம்" என்ற எண்ணையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பல சமயம் அது 900 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான குறுகிய பட்டையில் மட்டும் அளந்ததாக இருக்கும். சரி, முழு அகச்சிவப்பிலும் 90 என்றே வைத்துக்கொள்வோம். 52-இல் 90 சதவீதம் என்றால் மொத்த வெயிலில் 47 சதவீதம்தான். விழுங்கியதில் ஒரு பங்கு உள்ளே திரும்பி வரும் என்பதால் அதுவும் இன்னும் குறையும். எனவே கேட்க வேண்டிய எண் டிஎஸ்இஆர், அதாவது மொத்தச் சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பது. அந்த எண்ணைச் சொல்லத் தயங்கும் கடையில் நான் ஃபிலிம் ஒட்ட மாட்டேன்.

சட்டம் பார்ப்பது இன்னொரு எண்ணை: எவ்வளவு ஒளி கண்ணாடியைக் கடந்து வருகிறது என்ற விஎல்டி. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆவது விதிப்படி முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி கடக்க வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் எந்த அளவிலும் கருப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று தடை போட்டது. பின்னர் விதியில் வந்த திருத்தத்தைச் சுட்டிக்காட்டி, இந்த அளவுகளுக்குள் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "50 சதவீத ஃபிலிம்தானே, சட்டப்படி சரி" என்று ஒட்டிக்கொள்கிறார்கள். கண்ணாடியும் ஒளியைத் தடுக்கிறதே! கம்பெனிக் கண்ணாடி 75 சதவீத ஒளியை விடுகிறது, அதன்மேல் 50 சதவீத ஃபிலிம் என்றால் கிடைப்பது இரண்டின் பெருக்கல்: 37.5 சதவீதம். அதே கண்ணாடியில் 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 52.5 வரும், பிழைத்தோம். முன்கண்ணாடியில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. கருவி வைத்து முதலில் வெறும் கண்ணாடியை அளந்துவிட்டு ஃபிலிமைத் தேர்ந்தெடுப்பதுதான் ஒழுங்கான கடையின் அடையாளம்.

தோலுக்காக ஃபிலிம் ஒட்டுபவர்களுக்கும் கருப்பு தேவையில்லை. முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது. புற ஊதாக் கதிரை அதுவே ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அப்படியல்ல, புற ஊதாவின் ஒரு வகையான யுவிஏ கதிரில் கணிசமான பங்கு அதன் வழியே வரும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் புகைப்படம் 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. ஜன்னலோரம் இருந்த இடப்பக்க முகம் மட்டும் சுருங்கித் தடித்துத் தொங்கியிருந்தது. நம் ஊரில் வண்டி ஓட்டுபவருக்கு அது வலது கன்னமும் வலது கையும். நிறமே இல்லாத தெளிந்த ஃபிலிம்கூட புற ஊதாக் கதிரில் 99 சதவீதத்தை நிறுத்திவிடும்.

பொருள் எவ்வளவு உசத்தியானாலும் ஒட்டும் கை சரியில்லையென்றால் காசு வீண். ஃபிலிமின் பின்தாளை உரிக்கும்போது நிலைமின்னூட்டம் உருவாகி, சுற்றியுள்ள தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதனால் ஒருவர் உரிக்க, இன்னொருவர் கூடவே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே வருவார். தரையை நனைத்துவைப்பார்கள். மே மாதப் புழுக்கத்திலும் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்வார்கள். கதவின் அடியில் கண்ணாடியைத் துடைக்கும் பட்டை நார் உதிர்க்கும் என்பதால் அதன்மேல் டேப் ஒட்டி மூடுவார்கள். சுவிட்சுகளில் தண்ணீர் இறங்கிவிடாமல் துண்டு போடுவார்கள். அந்தத் துண்டிலும் பஞ்சு இருக்கக்கூடாது.

பீய்ச்சும் தண்ணீரில் குழந்தைகள் ஷாம்பு சில துளி கலந்திருக்கும். அது பசைக்கும் கண்ணாடிக்கும் நடுவே வழுக்கும் படலமாக நின்று, ஃபிலிமைச் சரியான இடத்துக்கு நகர்த்த அவகாசம் தரும். பிறகு ரப்பர் பட்டையால் அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். இங்கே போர்வெல் தண்ணீர் கூடாது. நீர் காய்ந்தாலும் அதிலுள்ள உப்பு போகாது, ஃபிலிமுக்கடியில் புள்ளிபுள்ளியாக நிரந்தரமாகத் தங்கிவிடும். உப்பு நீக்கிய நீருக்கு ஆகும் செலவைப் பார்த்துத் தயங்கும் கடை, மறு வேலைக்கு அதைவிட அதிகம் செலவழிக்கும்.

பின்கண்ணாடிதான் உண்மையான பரீட்சை. அது இரண்டு திசையிலும் வளைந்தது, தட்டையான ஃபிலிம் அதில் படியாது, ஓரங்களில் மடிப்பு விழும். பாலியெஸ்டர் ஃபிலிமைத் தயாரிக்கும்போதே இழுத்து நீட்டியிருப்பதால், சூடு பட்டால் பழைய நிலைக்குச் சுருங்கப் பார்க்கும். ஆனால் நன்றாகச் சுருங்குவது ஒரு திசையில்தான். மிகுதியான பகுதி அந்தத் திசையில் வருமாறு மடிப்புகளை ஒதுக்கிவிட்டு, கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் டால்கம் பவுடர் தூவி அதன்மேல் ஃபிலிமை விரித்து, ஹீட் கன்னால் மெதுவாகச் சுருக்குவார்கள். பவுடர் இருந்தால் ஃபிலிம் ஒட்டிக்கொள்ளாமல் நழுவும். ஓரிடத்திலேயே சூட்டை நிறுத்தினால் ஃபிலிம் கருகும். பொறுமையில்லாத ஆளிடம் ஹீட் கன்னைக் கொடுக்கக்கூடாது.

ஒட்டி முடித்த மறுநாள் கண்ணாடி பனி மூடியதுபோல மங்கலாக, சின்னச் சின்ன நீர்க்கொப்புளத்தோடு தெரிந்தால் கடைக்காரரைத் திட்டாதீர்கள். மிச்ச ஈரம் ஃபிலிமின் வழியாகவே ஆவியாகி வெளியேற வேண்டும். வெயிலில் சில நாளில் சரியாகிவிடும், ஐப்பசி மழையில் வாரக்கணக்காகும். உலோகப் பூச்சு ஆவியைத் தடுப்பதால் அந்த வகை இன்னும் தாமதமாகக் காயும். அதுவரை கண்ணாடியை இறக்கக்கூடாது. கொப்புளத்துக்குள் தூசி இருந்தால் மட்டும் அது போகாது, அதற்குத் திட்டலாம். துடைக்க அமோனியா கலந்த திரவம் வேண்டாம், ஈரத்துணி போதும். சில வருடத்தில் ஊதா நிறத்துக்கு மாறிய ஃபிலிம்களைப் பார்த்திருப்பீர்கள். கலந்திருந்த சாயங்களில் சில வெயிலில் சிதைந்துபோய், தாக்குப்பிடித்த சாயத்தின் நிறம் மட்டும் மிஞ்சுகிறது. அதை எடுக்கும்போது நீராவி காட்டி மெதுவாக உரிக்கச் சொல்லுங்கள். வேகமாக இழுத்தால் பின்கண்ணாடியில் படியும் ஈரத்தைப் போக்கும் டிஃபாகர் கோடுகளும் கூடவே வந்துவிடும்.

எந்த ஃபிலிமும் உள்ளே வரும் வெப்பத்தைக் குறைக்கும், நிறுத்தாது. வழியில் ஏசியின் பாடு குறையும். ஆனால் மூடிய வண்டி வெயிலில் மணிக்கணக்காக நின்றால், செராமிக்கோ கருப்போ, உள்ளே கொதிக்கத்தான் போகிறது. ஃபிலிம் ஒட்டியிருக்கிறது என்ற தைரியத்தில், ஐந்து நிமிடம்தானே என்று குழந்தையைக் காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.