கடைத் தாரைக்கு நாமே செய்யும் தகடு மடிப்பான்

புன்னைக்காயல், காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் கடை வைத்திருக்கும் வணிக அன்பர்களுக்குத் துருவைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உப்புக் காற்றில் இரும்புத் தகரம் சில ஆண்டுகளிலேயே அரித்துவிடும். கூரைத் தண்ணீர் தாரையில் போகாமல் சுவரில் வழிந்தால், நனைவது அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தை எந்தத் தாரையும் தடுக்காது. ஆனால் வழக்கமான ஐப்பசி, கார்த்திகை மழையில் சரக்கைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

இதற்கு அலுமினியம் ஏற்றது. எட்டுக்கு நாலடி, 1 மி.மீ. தகடு சுமார் 8 கிலோ. அதே அளவு இரும்புத் தகடு சுமார் 23 கிலோ. சிக்கல், எட்டடி நீளத்துக்கு ஒரே நேராக மடிப்பதில் இருக்கிறது. சுத்தியலால் தட்டினால் அலை அலையாக வரும். வெளியூர்ப் பட்டறையில் மடித்து வாங்கினால், நீளத் துண்டை நெளியாமல் கொண்டுவர வண்டி வாடகை வேறு.

மூன்று ஆங்கிள் இரும்புகளைக் கொண்டு வெல்டிங் பட்டறையிலேயே மடிப்பான் செய்துகொள்ளலாம். ஒன்று மேசையில் அசையாமல் நிற்கும். இரண்டாவது கீலில் சுழலும். மூன்றாவது தகட்டை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும். முதலிரண்டின் மேல்தளமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கீல் குச்சியின் மையம், அவை சந்திக்கும் மேல் விளிம்புக் கோட்டிலேயே அமைய வேண்டும். இது தவறினால் மடிப்பு இழுபட்டுத் தகட்டில் கீறல் விழும். கீல் பதிக்க ஓரத்தை வெட்ட வேண்டியிருப்பதால், இரும்பு தகட்டைவிட அரையடியாவது நீளமாக இருக்கட்டும்.

அழுத்தும் இரும்பின் முன்முனையைச் சரிவாக அராவி, மடிப்புக் கோட்டிலிருந்து தகட்டின் கனம் அளவு பின்னே தள்ளி வையுங்கள். மடித்த அலுமினியம் சற்றே திரும்பி விரியும். ஆகவே 90 பாகை வேண்டுமானால் இரண்டு மூன்று பாகை கூடுதலாக மடிக்க வேண்டும். அதற்கு இந்தச் சரிவு இடம் தரும்.

பலர் கோட்டை விடுவது நடுப்பகுதியில்தான். இரு முனையிலும் போல்ட் முடுக்கினால் நடுவில் பிடி தளரும். அதே இரும்பை இரு மடங்கு நீளமாக்கினால் நடு வளைவு 16 மடங்காகும். எனவே முதுகில் இன்னொரு பட்டையை நிறுத்தி வெல்டிங் செய்யுங்கள். அழுத்தும் இரும்பின் நடுப்பகுதி முதலில் தகட்டைத் தொடும்படி மிக லேசாக வளைத்து வைத்தால், போல்ட் இறுகும்போது பிடி எங்கும் சமமாகும். தகட்டின் கனம் இரட்டித்தால் மடிக்கும் பலம் 4 மடங்கு வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மடிப்புக் கோட்டை ஊசியால் கீறாமல் மார்க்கர் பேனாவால் வரையுங்கள். கீறிய இடத்தில் வெடிக்கும். 1100, 3003 ரகங்கள் எளிதில் மடியும். 6061 டி6 போன்ற கடின ரகம் கூர்மையாக மடித்தால் விரியும். முதலில் கழிவுத் துண்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

பொருத்தும்போது செம்பு ஆணியை அறவே தவிருங்கள். கடல் ஈரத்தில் அலுமினியத்தை அது தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும் ரப்பர் வாஷரும் நல்லது. ஈரச் சிமெண்ட் படும் இடத்தில் தார் பெயிண்ட் பூசுங்கள். உப்பு மூட்டையை அலுமினியத்தின் மீது சாய்த்து வைக்காதீர்கள்.

ஒரே கடைக்காக இதைச் செய்வது கட்டுப்படியாகாது. ஒரு கடைவீதியில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒன்று செய்து பொதுவில் வைத்தால், தாரை, அலமாரி ஓரம், ஷட்டர் மேல்மூடி என ஆண்டு முழுவதும் உதவும். மழைக்காலத்துக்கு முன்பே கூடிப் பேசி முடிவெடுக்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.